செவ்வாய்க்குப் போன சந்தனப் பொட்டு

பூமிக்கு வெளியே உயிர் இருக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று கேட்டால் முன்பெல்லாம் சிரித்து மழுப்பிவிடுவேன். கல்யாணப் பந்தியில் கேட்பார்கள், பஸ்ஸில் கேட்பார்கள், ஒரு பல் டாக்டர் என் வாய்க்குள் கண்ணாடியை விட்டுக்கொண்டே கேட்டார். யாருக்கும் பதில் வேண்டியதில்லை, பேச்சுக்கு ஒரு விஷயம் வேண்டும், அவ்வளவுதான். பிறகு அந்தச் சதவீதத்தை நம்பித்தான் நானும் சேவியரும் உட்கார்ந்திருந்தோம். அது குறைந்தால் எங்களை வெளியே விடுவார்கள். அதுவோ வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போனது.

நான் இசக்கியம்மாள். நுண்ணுயிர் ஆராய்ச்சி என் தொழில். நாங்கள் இருப்பது தேரிக்காட்டில், செம்மணல் மேட்டுக்கும் கடலுக்கும் நடுவே கட்டிய ஆய்வுக்கூடம். செவ்வாய் மண்ணைக் கொண்டுவந்து பிரித்துப் பார்க்க, செவ்வாய் மாதிரியே சிவந்து கிடக்கும் இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறான் எவனோ ஒரு ரசனைக்காரன். அந்த அழகைப் பார்க்க ஒரு ஜன்னல் கூட வைக்கவில்லை. பார்வையாளர் கூடத்தைப் பார்த்தபடி ஒரு தடித்த கண்ணாடி உண்டு. அதன் பக்கத்தில் இரும்புக் கதவு. உள்ளே யாராவது மயங்கி விழுந்தால் உதவிக்கு ஆள் ஓடிவர வேண்டுமே என்று, வெளியிலிருந்து கைப்பிடியைத் தள்ளினால் திறக்கும்படி அதை அமைத்திருக்கிறார்கள். திறந்தாலும் காற்று உள்நோக்கித்தான் இழுக்கும், கிருமி வெளியே வராது. உள்ளிருந்து திறக்க, எங்கள் ஆய்வைக் கண்காணிக்கும் ஆணையத்தின் உத்தரவு வேண்டும்.

சேவியர் பர்னாந்து மணப்பாட்டுக்காரன். கையுறைப் பெட்டி அவன் பொறுப்பு. மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் நீண்டிருக்கும் ரப்பர் கையுறைகளில் கையை நுழைத்து, பொருளைத் தொடாமலே தொட்டு வேலை செய்ய வேண்டும். அவனுடைய கை நடுங்கி நான் பார்த்ததில்லை. எங்கள் விண்கலத்துக்கு வாயில் நுழையாத ஒரு சமஸ்கிருதப் பெயர் உண்டு. நாங்கள் 'அகப்பை' என்போம். அது செவ்வாயில் துளையிட்டு அள்ளி வந்த பனிக்கட்டியில் ஒரு துணுக்கை, சேவியர் பெட்டிக்குள் ஒரு கண்ணாடித் தட்டில் வெதுவெதுப்பான ஊட்டநீரில் போட்டு வைத்தான். சில நாளில் அந்தத் தெளிந்த நீர் கலங்கியது. ஏதோ பெருகியிருந்தது.

இருவரும் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கையுறையின் மணிக்கட்டு கிழிந்தது. அவன் தவறில்லை, ரப்பர் இற்றுப்போயிருந்தது. அபாயச் சங்கு ஊதியது, கதவு பூட்டிக்கொண்டது.

நான் வெளியே சொன்னது ஒரே வாக்கியம். "தட்டுல உயிர் இருக்கு." அதை விடிவதற்குள் 'செவ்வாயில் உயிர் இருக்கிறது' என்று ஆக்கியவன் கோமதிநாயகம். திட்ட இயக்குநர். பாளையங்கோட்டைக் கல்லூரியில் என்னோடு படித்தவன். தாவரவியல் செய்முறைத் தேர்வில் என் மேசையை எட்டிப் பார்த்துப் பாஸானவன். ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வந்திருந்த மந்திரி ஊருக்குத் திரும்புவதற்குள் அறிவித்துவிட வேண்டும் என்று அவனுக்கு அவசரம்.

ஊரே கொண்டாடியது. எங்கள் இருவர் முகத்தையும் போட்டுத் தபால்தலை வந்தது. என் மூக்கை வேறு யாருடையதோ போல வரைந்திருந்தார்கள். உணவு வரும் குழாய் வழியாக லட்டு வந்தது. மறுநாள் கோமதிநாயகம் கண்ணாடிக்கு அந்தப்புறம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மைக்கில் சட்டத்தை விளக்கினான்.

"வெளியுயிர்ச் சட்டம்னு ஒண்ணு இருக்கு சேவியர். எல்லா நாடும் சேர்ந்து போட்டது. வேத்துக் கோள் உயிரைத் தொட்டவங்க வெளிய வரணும்னா ரெண்டு வழிதான். ஒண்ணு, அது யாருக்கும் தீங்கு செய்யாதுன்னு நிரூபிக்கணும்."

"அதுக்கு எம்புட்டு நாளாவும் சார்?"

"ஒரு தலைமுறையாவது கவனிக்கணும்கான்."

சேவியர் என்னைப் பார்த்தான். "அடுத்த வழி?"

"அது நம்ம பூமியில உள்ளதுதான்னு நிரூபிக்கணும். ஆனா நீங்க நிரூபிக்க முடியாது. வெளிய வர்றதுக்காகப் பொய் சொல்லுதியன்னு சொல்லிருவான். தொற்றுப் படாத ஆள்தான் சாட்சி சொல்லணும்."

"அப்ப வேற ஒரு ஆராய்ச்சிக்காரரு உள்ள வந்து பாத்துச் சொல்லட்டுமே!"

"உள்ள வந்தா அவரும் தொற்றுப் பட்டவருதானப்பா. அந்த விதிய எழுதுன குழுவுல நானும் இருந்தேன். ரொம்ப யோசிச்சு எழுதுனது." அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சேவியரின் மனைவி ரெஜினா அப்போது நிறைமாசம். பிறந்த பிள்ளையைக் கண்ணாடி வழியாகத்தான் அவன் பார்த்தான். பெண் குழந்தை, அமலி. ஞாயிறுதோறும் பூசை முடிந்து ரெஜினா குழந்தையோடு வருவாள். கண்ணாடியில் குழந்தையின் உள்ளங்காலை ஒட்டி வைப்பாள். இவன் இந்தப் பக்கம் கையை வைப்பான். கண்ணாடி சில்லென்று இருக்கும். நான் வேலை இருப்பதுபோல் உள்ளறைக்குப் போய்விடுவேன். எனக்குக் குழந்தை கிடையாது, கணவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அடைபட்டுக் கிடப்பது எனக்கும் நரகம்தான். ஆனால் அவன் படுவது வேறு.

"பிள்ள கனம் எவ்வளவு இருக்கும் மேடம்?" என்று ஒருநாள் கேட்டான்.

"ஆறு கிலோ இருக்கும்னு ரெஜினா சொன்னாள்ல?"

"கிலோவக் கேக்கல. தூக்குனா எப்படி இருக்கும்னு கேக்கேன்."

இவனை எப்படியாவது வெளியே அனுப்பிவிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

முதலில் அந்த உயிரின் மரபணுவைப் படித்தேன். நம் வயல்வரப்பில் மிதிபடும் சாதாரண மண் பாக்டீரியாவோடு அப்படியே பொருந்தியது. துள்ளிக் குதித்து ஆணையத்துக்கு அனுப்பினேன். ஆணையத் தலைவர் சதாசிவராவ் படிப்பாளி. மரியாதையாகவே பதில் சொன்னார்.

"அம்மா, பல கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கற்கள் மோதியபோது, செவ்வாய்க் கற்கள் இங்கும் நம் கற்கள் அங்கும் போயிருக்கின்றன. அவற்றோடு உயிரும் போயிருக்கலாம். ஒத்திருப்பதால் அது இங்கிருந்து நம் கலத்தோடு போனதுதான் என்று சொல்லிவிட முடியாது."

"பங்காளிங்கிறீங்க."

"அப்படியும் சொல்லலாம். மேலும், இந்த முடிவு உங்கள் கையால் வந்தது."

நம் மண் கிருமியைப் போல இருந்தால் பங்காளி, வேறாக இருந்தால் அந்நியன். எப்படி இருந்தாலும் எங்களுக்குப் பூட்டு. எனக்கு வந்த ஆத்திரத்தில் மைக்கைப் பிடுங்கி எறிந்திருப்பேன், சேவியர்தான் தடுத்தான்.

பிறகு அந்தப் பனித்துணுக்கின் கசடை ஒவ்வொரு பொடியாக உருப்பெருக்கியில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். பெரும்பாலும் துருமண். நடுவில் மஞ்சளாக ஒரு தூசி. பெரிதாக்கினால் அடுக்கடுக்காக அறைகள், துளைகள். மரத்தூள். பக்கத்தில் சிவப்பாக இன்னொன்று. அது மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தது. செவ்வாயில் உயிர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சந்தன மரமும் குங்குமமும் இருக்க வாய்ப்பே இல்லை.

கோமதிநாயகத்தைத் தனியாக வரச் சொன்னேன். பதிவுக்கருவியை அணைக்கச் சொன்னேன். "துளைப்பானுக்குப் பொட்டு வச்சது யாரு?" என்றேன், நேராக.

அவன் முகம் செத்துவிட்டது.

"நாந்தான் இசக்கி."

"எப்ப?"

"சரஸ்வதி பூஜை அன்னிக்கு. துளைப்பானச் சூட்டுல வாட்டிக் கிருமியெல்லாம் கொன்னு மேசையில வச்சிருந்தாவ. மறுநா உறையில போட்டு மூடணும். ஆளுக எல்லாம் பொரிகடலை வாங்கப் போயிருந்தாவ. லாரிக்கு வச்சோம், ஜெனரேட்டருக்கு வச்சோம், வாசல் கேட்டுக்கு வச்சோம். அம்புட்டுத் தூரம் ஒத்தையில போற பிள்ளைக்கு மட்டும் பொட்டு இல்லாம எப்படி அனுப்ப? சுண்டுவிரலால தொட்டு வச்சேன். கும்பிட்டுட்டு உடனே துடைச்சிட்டேன்."

"துடைச்சா போயிருமால? அந்தக் கிருமி சந்தனத்தக் குழைச்ச தண்ணியில இருந்திருக்கு, உன் விரல்ல இருந்திருக்கு. உறைஞ்சு உறங்கிக்கிட்டே போயி, உறங்கிக்கிட்டே வந்திருக்கு. நாங்க சுடுதண்ணி காட்டுனதும் முழிச்சிருக்கு. அதுக்குத்தான் நாடே லட்டு தின்னுருக்கு!"

அவன் அழுதான். எனக்கு அவனைத் திட்டத் திட்ட ஆறவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் உருப்பெருக்கியிலும் பொட்டு இருக்கிறது, ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் நானே வைப்பதுதான். அந்த மேசைப் பக்கம் அன்றைக்கு நான் போயிருந்தால் என் விரல் சும்மா இருந்திருக்குமா என்று தெரியாது.

"கோமதி, நீ வெளிய இருக்க. தொற்றுப் படாதவன். சந்தனம் வச்ச ஒரே சாட்சி. நீ போயி ஆணையத்துல சொல்லு."

"சொன்னா என் வேலை போயிரும். செவ்வாய அசிங்கப்படுத்துனதுக்குக் கேஸ் போடுவான்."

"போடட்டும். உனக்கு ஒரு கேஸ், இவனுக்கு ஒரு ஆயுசு."

சேவியர் கையைக் கூப்பினான். கோமதிநாயகத்தால் அதைப் பார்க்க முடியவில்லை. "சொல்லுதேன்" என்று எழுந்து போனான்.

சொல்லவும் சொன்னான். அதற்குச் சில வாரம் ஆயிற்று. தில்லியில் ஓர் அதிகாரி அவனைத் தனியே கூப்பிட்டு, "சந்தனத்தக் குத்தம் சொன்னா ஒரு கூட்டம் அடிக்கும், சந்தனம் வச்சதுக்கு இன்னொரு கூட்டம் அடிக்கும், எதுக்கு சார் வம்பு?" என்று கேட்டிருக்கிறார். இவன் அசரவில்லை. ஆய்வுக்கூடத்திலேயே, பார்வையாளர் கூடத்துக்கு அடுத்த அறையில், ஆணையத்தின் விசாரணை. அதை எங்களுக்கும் திரையில் காட்டினார்கள். அன்று காலை சேவியர் முகச்சவரம் செய்து, இருந்ததில் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டான்.

கோமதிநாயகம் எல்லாவற்றையும் சொன்னான். சதாசிவராவ் குறுக்கிடாமல் கேட்டார். அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டியது மட்டும்தான் பாக்கி. அப்போது ஓரத்தில் இருந்த உறுப்பினர் ஒருவர் கேட்டார்.

"உள்ளே இருக்கிற அம்மா உங்களுடன் படித்தவராமே? சிநேகிதியைக் காப்பாற்ற இந்தக் கதையா?"

"கதையில்ல. என் பிள்ளைக மேல சத்தியம்."

"சத்தியம் கிடக்கட்டும். அது வெறும் மண் கிருமி என்றால், நீங்கள் கவசம் போடாமல் அந்த அறைக்குள் போவீர்களா?"

திரையில் கோமதியின் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்தேன். இவனை எனக்குத் தெரியும். கல்லூரியில் "நீ குதிக்க மாட்டே" என்று எவனோ சொன்னதற்காக, நீச்சல் தெரியாமலே தாமிரபரணியில் குதித்தவன்.

"போவேன்யா. இப்பமே போறேன்" என்று எழுந்தான்.

நான் கண்ணாடிக்கு ஓடினேன். அவன் பார்வையாளர் கூடத்துக்குள் வந்துகொண்டிருந்தான். பின்னால் கேமராக்காரர்கள். மைக்கை அழுத்திக் கத்தினேன். "கோமதி, வராத! உள்ள வந்தா உன் சாட்சி செல்லாது! நீ எழுதுன விதிதான? கையெழுத்துப் போட்டுட்டு வெளியவே நில்லு!"

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். கண்ணெல்லாம் ஈரம். "எனக்காவப் பாக்காத இசக்கி. நான் உள்ள வந்து நின்னாத்தான் இவனுவளுக்கு உறைக்கும்."

"உனக்காக இல்லல, மடையா! சேவியருக்காக!"

அவன் கைப்பிடியைத் தள்ளிக் கதவைத் திறந்து உள்ளே வந்தான். கேமராக்களைப் பார்த்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். பிறகு சேவியரை இறுகக் கட்டிக்கொண்டான். அவன் முதுகுக்குப் பின்னால் கதவு பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. சேவியர் அசையாமல் நின்றான். அந்தச் சத்தத்தின் அர்த்தம் அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. கோமதிக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

இரண்டு நாள் கழித்து ஆணையத்தின் அறிவிப்பு வந்தது. சதாசிவராவே பார்வையாளர் கூடத்தில் நின்று வாசித்தார். இயக்குநர் வாக்குமூலத்தில் கையெழுத்திடும் முன்னரே தொற்றுக்கு ஆளாகிவிட்டதால் அது ஏற்கப்படவில்லை. அதற்குமேல் ஒரு பத்தி இருந்தது. "தொற்றுக்கு ஆளான மூவருமே இந்த உயிர் தீங்கற்றது, பூமியைச் சேர்ந்தது என்று ஒரே குரலில், ஒரே வேகத்தில் வலியுறுத்துகின்றனர். பொறுப்புள்ள ஓர் அதிகாரி, தற்காப்பு உணர்வை இழந்து, தானாகவே தொற்று உள்ள இடத்துக்குள் நுழைந்திருக்கிறார். இந்த நம்பிக்கையே தொற்றின் முதல் அறிகுறியாக இருக்கலாம் என ஆணையம் கருதுகிறது."

வாசித்து முடித்து அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"அறிகுறியா?" என்றான் கோமதிநாயகம். "நான் பைத்தியம் இல்ல இசக்கி. சொல்லு அவங்ககிட்ட."

"நான் சொன்னா அதுவும் அறிகுறிதான்" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரெஜினா வந்தாள். கோமதி உள்ளே வந்ததிலிருந்து கூடத்தில் ஒரு போலீஸ்காரரைக் காவலுக்குப் போட்டிருந்தார்கள். அவர் கதவுப் பக்கமே வரமாட்டார். தொற்றுக்குப் பயந்து எதிர்ச் சுவரோடு ஒட்டி நிற்பார். ரெஜினா வழக்கம்போல் கண்ணாடிக்கு வரவில்லை. இடுப்பில் அமலி, தோளில் ஒரு துணிப்பை. நேரே கதவுக்குப் போய்க் கைப்பிடியில் கை வைத்தாள்.

சேவியர் மைக்குக்குப் பாய்ந்தான். "ரெஜி, என்ன செய்த?"

"உள்ள வாறோம்."

"கோட்டி புடிச்சிட்டா உனக்கு?"

"நீங்கதான சொல்லுதிய அது வெறும் மண்ணுன்னு. மேடமும் அதத்தான் சொல்லுதாவ. அந்த சார் நம்பித்தான உள்ள வந்தாரு. அப்ப நானும் பிள்ளையும் வந்தா என்ன? ஒண்ணும் செய்யாதுல்லா?"

"உள்ள வந்தா வெளிய போக முடியாது."

"வெளிய எனக்கு என்ன இருக்கு? கண்ணாடிய எத்தன வருசம் தடவ? இவ உங்க வாசன தெரியாம வளரணுமா?"

போலீஸ்காரர் அங்கிருந்தே "ஏம்மா, ஏம்மா" என்று கத்தினாரே தவிர ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. அமலி கதவில் இருந்த சிவப்பு விளக்கைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

சேவியர் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு எவ்வளவு ஆசையாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், இன்னொரு நிமிஷத்தில் பிள்ளை அவன் கையில். பிறகு அது ஜன்னல் இல்லாத இந்த நான்கு அறைக்குள் நடை பழகும். இங்கேயே பல் முளைத்து, இங்கேயே பெரியவளாகும். கடல் அரை மைலில் இருந்தும் அதைப் பார்க்காது.

அவன் மைக்கை அழுத்தினான். குரல் நிதானமாக இருந்தது.

"ரெஜி, கைய எடு. நாங்க சொன்னது பொய்."

"என்னது?"

"அது மண்ணு இல்ல. அது செவ்வாயில உள்ளதுதான். வெளிய வரணும்னு பொய் சொன்னோம். எனக்கு உடம்பு முடியல, உங்கிட்டச் சொல்லல. பிள்ளைய அந்தக் கதவுகிட்டக் காட்டாத. தள்ளிப் போ."

அவள் நம்பவில்லை. "மேடம்," என்று என்னைக் கூப்பிட்டாள். "இவரு சொல்லுதது நிசமா? நீங்க படிச்சவுக. நீங்க சொல்லுங்க. செவ்வாயில நிசமாவே உயிரு இருக்கா?"

முப்பது வருஷமாக என்னிடம் கேட்கப்பட்ட கேள்விதான். முதல் தடவையாக, பதில் வேண்டும் என்று ஒருத்தி கேட்டாள். மேசையில் சந்தனத்தூளின் படம் திறந்தபடியே கிடந்தது. சேவியர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருக்கும்மா" என்றேன். "நிச்சயமா இருக்கு."

கோமதிநாயகம் எழுந்து வந்து எனக்குப் பக்கத்தில் நின்றான். மைக்கில் குனிந்து, "ஆமாம்மா. பொட்டுக் கதை நான் கட்டுனது" என்றான். அவன் செய்ததிலேயே எனக்குப் பிடித்த காரியம் அதுதான்.

ரெஜினாவின் கை கைப்பிடியிலிருந்து நழுவியது. பிள்ளையை இறுக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்து, போலீஸ்காரர் நின்ற சுவரில் போய் முட்டிக்கொண்டாள். அங்கிருந்து எங்களை அவள் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. கணவனைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை.

கூடத்து மைக்கில் பேசுவது எல்லாம் பதிவாகும். மாலைச் செய்தியில் சதாசிவராவ் வந்தார். தெளிவு திரும்பிய சில நிமிடங்களில் மூன்று ஆய்வாளர்களும் உண்மையை ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்றும், பூமிக்கு வெளியே உயிர் இருப்பது இனி வாய்ப்பு அல்ல, உறுதி என்றும் சொன்னார். ஊர் ஊராகக் காட்டினார்கள். தெருவெல்லாம் சரவெடி.

சேவியர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க ஊர்லயும் போடுவாவ மேடம்," என்றான். "பிள்ள சத்தத்துக்குப் பயந்துக்கிடும்."